பயன்பாட்டுச் சமூக ஆய்வில் முதுகலை: விண்ணப்பத்திலிருந்து ஆய்வேடு வரை

இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "இதுவும் சமூகவியலும் ஒன்றுதானே?" இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளலாம். வேலையின்மை ஒரு சமூகத்தை என்ன செய்கிறது என்று சமூகவியல் மாணவர் கேட்பார். பயன்பாட்டுச் சமூக ஆய்வு படிக்கிறவர் அதோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: இந்த விடையை வைத்துக்கொண்டு யார், எதை மாற்றப்போகிறார்கள்? ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா, ஒரு மருத்துவமனை புறநோயாளிகளைப் பார்க்கும் நேரத்தை மாற்ற வேண்டுமா, உதவித்தொகை யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று ஏதோ ஒரு முடிவு அந்தக் கேள்விக்குப் பின்னால் காத்திருக்கும். முடிவெடுக்கும் ஆளுக்கு உங்கள் ஆய்வேட்டை முழுக்கப் படிக்க நேரம் இருக்காது. அந்த ஆளை முதல் நாளிலிருந்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் பாதிக் குழப்பங்களுக்கு அவரே பதில்.

இந்தத் துறையின் வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்குப் பிடித்த உதாரணம் மரியென்தால். ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஆலைக் கிராமம். உலகப் பொருளாதார மந்தத்தில் அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டு, ஏறக்குறைய ஊர் முழுவதுமே வேலை இழந்தது. 1931-32இல் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரின் குழு அங்கே போனது. 478 குடும்பங்களுக்கும் தனித்தனியாக அட்டை போட்டார்கள். நூலகத்தின் இரவல் பதிவேட்டைப் புரட்டினார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும், புத்தகத்துக்கு வாங்கிய சிறு கட்டணத்தைக்கூட எடுத்துவிட்ட பிறகும், இரவல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தெருவில் ஆட்கள் என்ன வேகத்தில் நடக்கிறார்கள் என்றுகூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுவில் நடுவில் நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை குறையவில்லை, அதனால் அவர்கள் நடையும் தளரவில்லை. எண்ணிக்கை, பேச்சு, கவனிப்பு மூன்றையும் ஒன்றாகப் போட்டு 1933இல் வெளிவந்த அந்த ஆய்வை முதல் பருவத்திலேயே தேடிப் படித்துவிடுங்கள். பாடப்புத்தகம் பத்து அத்தியாயத்தில் சொல்வதை அது செய்தே காட்டிவிடும்.

சேர்வதற்கு முன்

பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். 'சமூக ஆய்வு முறைகள்', 'சமூகக் கொள்கை', 'மதிப்பீட்டு ஆய்வு', 'வளர்ச்சி ஆய்வுகள்' என்று பல பலகைகளுக்குக் கீழே இதே சரக்கு இருக்கும். பலகை சரியாக இருந்து உள்ளே வெறும் கோட்பாடாக இருப்பதும் உண்டு. பாடத்திட்டத்தைத் திறந்து தேட வேண்டியவை சில. புள்ளியியல் கட்டாயப் பாடமா? நேர்காணல், கவனிப்பு போன்ற பண்புசார் முறைகளுக்குத் தனிப் பாடம் இருக்கிறதா, அல்லது 'முறையியல்' என்ற ஒரே பாடத்துக்குள் இரண்டு வாரம் ஒதுக்கி முடித்துவிடுகிறார்களா? களப்பணிக்கு எத்தனை மதிப்பெண்? வெளியில் ஒரு அமைப்போடு சேர்ந்து வேலை பார்க்க வழி உண்டா? இவை தெளிவாக எழுதப்பட்டிருக்கும் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

பாடத்திட்டத்தில் கிடைக்காத தகவல் ஒன்று உண்டு: ஒரு நெறியாளருக்கு எத்தனை மாணவர்கள் என்பது. அதைக் கேட்டே ஆக வேண்டும். துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முடிந்தால் இப்போது அங்கே படிக்கும் ஒருவரிடம், "கைடை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க முடிகிறது?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்வதற்கு முன் சிரித்தால், அந்தச் சிரிப்பும் ஒரு தரவுதான்.

பட்டம் சில நாடுகளில் ஓராண்டில் முடியும், பல இடங்களில் இரண்டாண்டு ஆகும். ஓராண்டுப் படிப்பில் களத்துக்குப் போக உண்மையில் கிடைப்பது இரண்டு மூன்று மாதங்கள்தான். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குப் பகுதிநேரப் படிப்பு நல்லது. அன்றாடம் பார்க்கும் அலுவலகமே ஆய்வுக் கேள்விகளைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இளங்கலையில் என்ன படித்திருக்க வேண்டும் என்பதில் பெரிய கண்டிப்பு இருக்காது. செவிலியர், ஆசிரியர், பொறியாளர், பத்திரிகையாளர் எல்லோரும் வருகிறார்கள். கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே தேவைப்படுவது சதவீதம், சராசரி, ஒரு வரைபடத்தைப் பார்த்து அதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படும் குணம். மற்றதைச் சொல்லிக் கொடுப்பார்கள். கணக்கு நன்றாக வரும், ஆனால் அந்நியரிடம் பேசக் கூச்சம் என்கிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்க அறிக்கையில், "சமுதாயத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் சிறுவயது ஆசை" என்று தொடங்க வேண்டாம். வந்து குவியும் அறிக்கைகளில் பாதி அப்படித்தான் தொடங்குகின்றன. நீங்கள் நேரில் பார்த்து விளங்காமல் போன ஒரு விஷயத்தை எழுதுங்கள். "எங்கள் பள்ளியில் இலவசமாகக் கண்ணாடி கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் போடவே இல்லை. ஏன் என்று கேட்டோம், ஆளுக்கொரு காரணம் வந்தது." இந்த நாலு வரி போதும். படிக்கிறவருக்கு உங்களிடம் பேசத் தோன்றும்.

முதல் பருவம்: படிப்பது எப்படி

வாசிக்கச் சொல்லிக் கொடுக்கும் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். எல்லாவற்றையும் வரி வரியாக யாரும் படிப்பதில்லை. ஆய்வுக் கட்டுரை என்றால் முதலில் சுருக்கம், அடுத்து முடிவுரை, அப்புறம் நேராக முறையியல் பகுதி. யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேர், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், யார் விடுபட்டுப் போனார்கள் என்று அங்கே பாருங்கள். இது திருப்தியாக இருந்தால் மட்டும் முழுக்கப் படியுங்கள். படித்த ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரிக் குறிப்பு, உங்கள் சொந்த வார்த்தையில். மேற்கோள்களைச் சேமிக்க ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருளை முதல் வாரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். 'கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள் ஆய்வேடு கொடுக்கும் முந்தைய நாள் இரவு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். நானும் ஒருமுறை தேடியிருக்கிறேன்.

புள்ளியியலுக்கு எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா, ஆர் என்று மூன்று மென்பொருள்களின் பெயர்கள் காதில் விழும். துறை எதைச் சொல்லித் தருகிறதோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் ஆர். அது இலவசம், படிப்பு முடிந்ததும் உரிமம் காலாவதியாகி நிற்க வேண்டியதில்லை. ஆரம்ப இரண்டு வாரம் படுத்தும், பிறகு பழகிவிடும்.

கேள்வியைச் சுருக்குவது

நேரத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இது. நான் முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு 'பெண்களும் டிஜிட்டல் இடைவெளியும்'. நெறியாளர் பென்சிலை எடுத்து 'பெண்களும்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு "எந்தப் பெண்கள்?" என்றார். 'இடைவெளி'யைச் சுற்றி இன்னொரு வட்டம், "எதற்கும் எதற்கும் நடுவில்?" கடைசியாக, "சரி, இதை யார் கேட்டார்கள்?" என்றார். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதிலைத் தேடிப் போனபோது ஒரு தன்னார்வ அமைப்பு கிடைத்தது. பெண்களுக்கு மாலை நேரத்தில் இலவசக் கணினி வகுப்பு நடத்துகிறவர்கள். சேரும்போது அறை நிறைந்திருக்கும், ஒரு மாதத்தில் பாதி நாற்காலி காலி. அவர்களுக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: வகுப்பு நேரத்தை மாற்றுவதா, பாடத்தை எளிதாக்குவதா, அல்லது இழுத்து மூடிவிடுவதா? என் கேள்வி இப்படி மாறியது: 'இந்த வகுப்பில் சேர்ந்து நான்கு வாரத்துக்குள் நின்றுவிட்ட பெண்கள் ஏன் நின்றார்கள்?' பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் ஒரு ஆள், மூன்று மாதத்தில், ஒரு பழைய மடிக்கணினியோடு விடை காணக்கூடிய கேள்வி.

உங்கள் கேள்வியைச் சோதிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். அதற்கு வரக்கூடிய இரண்டு எதிரெதிர் விடைகளை இப்போதே எழுதிப் பாருங்கள். முதல் விடை வந்தால் ஒருவர் ஒன்றைச் செய்வார், இரண்டாவது வந்தால் வேறொன்றைச் செய்வார் என்று இருந்தால் நல்ல கேள்வி. 'மாணவர்களிடம் தேர்வு பயம் இருக்கிறதா?' என்பதற்கு ஆமாம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. 'முன்கூட்டி மாதிரித் தேர்வு எழுதியவர்களுக்குப் பயம் குறைகிறதா?' என்று கேட்டால் ஒரு தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

எண்ணா, பேச்சா

அளவுசார் ஆய்வு உயர்ந்ததா, பண்புசார் ஆய்வு உயர்ந்ததா என்று துறைக்குள் ஒரு சண்டை ஓயாமல் நடக்கும். கேண்டீனில் உட்கார்ந்து ரசிக்கலாம், பக்கம் சேர வேண்டாம். 'எத்தனை பேர்', 'எவ்வளவு', 'எதைவிட' என்று கேட்டால் எண்ண வேண்டும். 'எப்படி', 'ஏன்', 'அவர்கள் இதை என்னவாகப் பார்க்கிறார்கள்' என்றால் பேச வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் கலப்பு முறை காதுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் வேலை இரட்டிப்பு. முதுகலை ஆய்வேட்டில் ஒன்றைப் பிரதானமாக வைத்து மற்றதைத் துணைக்கு வைப்பதே தாங்கும்.

எண்ணப் போகிறவர்கள் மாதிரி எடுப்பதை, அதாவது எல்லோருக்கும் பதிலாக யாரிடம் கேட்பது என்பதைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எண்ணிக்கையைப் பற்றியே கவலைப்படுவார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் எடுத்தவை. மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்பும் அளவுக்குக் கோபமோ ஆர்வமோ உள்ளவர்கள்தான் பதில் போட்டார்கள். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் மிகச் சிறிய மாதிரியை வைத்து வெற்றி பெறுவது யார் என்பதைச் சரியாகச் சொன்னார். இன்றைக்கு ஒரு கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிட்டு "500 பதில் வந்தது" என்று சந்தோஷப்படும் மாணவர் செய்வதும் ஒரு சின்ன லிட்டரரி டைஜஸ்ட் வேலைதான்.

முறையாகக் குலுக்கல் போல எடுத்த 1,000 பேர் மாதிரியில் பிழை வரம்பு, அதாவது விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறக்குறைய மூன்று சதவீதப் புள்ளி. அதைப் பாதியாக்க 4,000 பேர் வேண்டும். மக்கள்தொகை எவ்வளவு பெரியது என்பது இதில் அநேகமாகக் கணக்கிலேயே வராது. இதை நம்ப எல்லோருக்கும் ஒரு வாரம் ஆகும்.

நேர்காணல் வழியில் போகிறவர்களிடம் 'எத்தனை பேர் போதும்?' என்று தேர்வாளர் கேட்பார். புதிதாக எதுவும் வராத நிலை, அதாவது நிறைவு, வரும்வரை என்பது வழக்கமான பதில். 2006இல் வெளியான ஒரு ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு நாடுகளில் எடுத்த 60 நேர்காணல்களைத் திரும்ப அலசிப் பார்த்தபோது, முக்கியமான கருத்துகளில் பெரும்பாலானவை முதல் 12இலேயே வந்துவிட்டிருந்தன. ஒரே மாதிரியான ஆட்களிடம், ஒரே விஷயத்தைப் பற்றிக் கேட்டால்தான் இந்த எண் பொருந்தும். ஆட்கள் பலதரப்பட்டவர்கள் என்றால் கூட்ட வேண்டும்.

கேள்வித்தாள் எழுதுவது

ஒரே விஷயத்தை எந்தச் சொல்லால் கேட்கிறோம் என்பது விடையையே மாற்றிவிடும். 1940இல் அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பில், ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை அனுமதிக்கலாமா என்று ஒரு பகுதியினரிடம் கேட்டார்கள். 62 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம், தடை செய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதி மறுப்பதும் தடை செய்வதும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றுகிறது. பதில் சொல்கிறவர் காதில் 'தடை' கொஞ்சம் கடுமையாக விழுகிறது.

தமிழில் கேள்வித்தாள் எழுதும்போது நம் மொழிக்கே உரிய சில கண்ணிகள் உண்டு. 'ஆசிரியர் தெளிவாகவும் பொறுமையாகவும் சொல்லிக் கொடுத்தாரா?' என்பதில் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் இரண்டு 'உம்' வந்தால் பிரித்து எழுதுங்கள். 'வகுப்பு உங்களுக்குப் பிடித்திருந்ததுதானே?' என்றால் அந்தத் 'தானே' விடையை வாயில் ஊட்டிவிடுகிறது. 'வகுப்பு கடினமாக இல்லையா?' என்று கேட்டால், 'ஆமாம்' என்பது கடினம் என்கிறதா, இல்லை என்கிறதா? பதில் சொன்னவருக்கே தெரியாது. எதிர்மறையில் கேட்கவே கேட்காதீர்கள்.

அளவுகோல் இன்னொரு தலைவலி. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய ஐந்து படி அளவுகோலை 'முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை...' என்று மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள். நேரில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், ஒருவரும் 'உடன்படுகிறேன்' என்று சொல்ல மாட்டார். 'ரொம்பச் சரி, ஓரளவு சரி, சொல்லத் தெரியல' என்று அவர்கள் நாக்கில் வரும் சொல்லிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் இருந்த கேள்வித்தாளைத் தமிழாக்கினால், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். எங்கே அர்த்தம் கசிந்தது என்று அப்போதே தெரியும். அப்புறம், களத்துக்குப் போகும் முன் பத்துப் பேரிடமாவது வெள்ளோட்டம். எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தக் கேள்வியில் புருவம் சுருங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் வாங்குவது

ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் ஒரு ஆளிடமும் பேசக் கூடாது. வாரக்கணக்கில் ஆகும், சில இடங்களில் மாதமும் ஆகும். அட்டவணை போடும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான். அலுத்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் வந்த ஏழைக் கறுப்பின ஆண்களை அவர்களுக்கே தெரியாமல் ஆய்வுப் பொருளாக வைத்திருந்தார்கள். 1940களின் இறுதியில் பென்சிலின் நிலையான சிகிச்சையாக வந்த பிறகும் கொடுக்கவில்லை. அது வெளியே வந்து எழுந்த அதிர்ச்சியில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் பெல்மான்ட் அறிக்கை 1979இல் பிறந்தது. மனிதரை மதிப்பது, நன்மை செய்வது, நீதியாக நடப்பது என்ற அதன் மூன்று கொள்கைகளின் சாயலை நீங்கள் நிரப்பும் படிவத்திலும் பார்க்கலாம்.

ஒப்புதல் படிவத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். நான் யார், எதற்காகக் கேட்கிறேன், எவ்வளவு நேரம் ஆகும், பதிவை எப்போது அழிப்பேன், நடுவில் எழுந்து போகலாம், போனால் ஒரு கெடுதலும் வராது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கும் முன்கூட்டியே குழுவிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்து என்றாலே பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. இன்னொன்று: அமைப்பின் அலுவலர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க வாங்கும் ஒப்புதல், ஒப்புதலே கிடையாது. "நீங்க கொஞ்சம் வெளியே இருக்கீங்களா சார்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நேர்காணல்

அந்தக் கணினி வகுப்பிலிருந்து நின்ற பெண்களிடம் முதல் மூன்று நேர்காணல்களில் "ஏன் நின்னுட்டீங்க?" என்றே கேட்டேன். மூன்று பேரும் "வீட்ல வேலை சரியா இருந்துச்சு" என்றார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. 'ஏன்' என்ற சொல்லில் குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது, அதற்குக் காரணம் சொல்லித் தப்பிக்கத்தான் யாருக்கும் தோன்றும். நாலாவது ஆளிடம், "கடைசியா வகுப்புக்கு வந்த நாளைச் சொல்லுங்கக்கா, மதியத்துலேர்ந்து" என்று மாற்றினேன். அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். துணி மடித்தது, மகனைப் பக்கத்து வீட்டில் விட்டது, வகுப்பில் உட்கார்ந்த இடம். அங்கே வந்ததும் பேச்சு நின்றது. நான் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பதிவைத் திரும்பக் கேட்கும்போதுதான் அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

நல்லவேளை, அவர் விடவில்லை. ரெக்கார்டரை அணைத்துவிட்டு நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வாசல்வரை வந்தார். "எல்லாரும் மவுஸைப் பிடிச்சு ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு உள்ளயே போக முடியல. பாஸ்வேர்டு மறந்துபோச்சு. மூணு வாரமா அதேதான். அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட மறுபடி மறுபடி எப்படிம்மா கேக்கிறது?"

களத்தில் இது அடிக்கடி நடக்கும், கருவி அணைந்ததும் பேச்சு திறக்கும். அப்படிக் கிடைத்ததை அப்படியே எடுத்து எழுதிவிடக் கூடாது. "இதையும் எழுதிக்கலாமாக்கா?" என்று கேட்டேன். பேர் வராது என்றால் சரி என்றார். பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றிருந்தால் அவருடைய வார்த்தை போய் என்னுடைய வார்த்தை வந்திருக்கும். கள நாட்குறிப்பு அன்றன்றைக்கு எழுத வேண்டியது. கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: கைபேசி போதும், பேட்டரியும் இடமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், அன்றைக்கே இரண்டாவது பிரதி எடுத்துக் கடவுச்சொல் போட்டு வையுங்கள்.

அலசுவது

ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத, பழகாத கைக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். மென்பொருள் எழுதிக் கொடுத்தாலும் வட்டாரப் பேச்சில் தடுமாறும், உட்கார்ந்து சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். வெளியார் மென்பொருளில் பதிவை ஏற்றலாமா என்பது நீங்கள் கொடுத்த ஒப்புதல் வாக்குறுதியைப் பொறுத்தது.

பிறகு குறியிடுதல், அதாவது பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் அது எதைப் பற்றியது என்று ஒரு சின்னப் பெயர் வைப்பது. வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் எழுதிய கட்டுரையில் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைத் தேடும் கருப்பொருள் பகுப்பாய்வுக்கு ஆறு கட்டங்கள் சொல்லியிருக்கிறார்கள். புதியவர்களுக்கு நல்ல கைப்பிடி அது. நடைமுறையில் எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். 'வீட்ல வேலை சரியா இருந்துச்சு' என்ற வரிக்கு ஆரம்பத்தில் நான் போட்ட குறி 'நேரமின்மை'. வாசலில் கேட்ட அந்தப் பேச்சுக்குப் பிறகு பழைய எழுத்துப்படிகளைத் திரும்பப் படித்தேன். அதே வரியைச் சொன்ன இன்னொருவர் இரண்டு பக்கம் தள்ளி, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான், நாமதான் மக்கு" என்றிருந்தார். 'கேட்க வெட்கம்' என்று புதுக் குறி ஒன்று பிறந்தது. உடனே எல்லோருடைய 'வேலை'யும் வெட்கம்தான் என்று தோன்ற ஆரம்பித்தது. அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். கோட்பாட்டுக்கு ஒத்துவராத ஆளை வேண்டுமென்றே தேடினேன். ஒருவருக்கு உண்மையாகவே இரவுப் பணி மாறியிருந்தது. அவரையும் ஆய்வேட்டில் எழுதினேன். அவர் இல்லாமல் போயிருந்தால் மற்றவர்களைப் பற்றி நான் சொன்னதையும் யாரும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஒரு திட்டம் பலன் தந்ததா என்று மதிப்பிடப் போகிறவர்கள் கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வை அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சிறுவர்கள் குற்றத்தின் பக்கம் போகாமல் தடுக்க 1939இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கியது. 506 சிறுவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர், பாட உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் பல ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்து 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். ஆனால் மீண்டும் குற்றம் செய்தது, குடிப் பழக்கம், உடல்நலம் என்று பல அளவுகளில் அவர்கள் உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் 'பயனாளிகள் திருப்தி' என்று அறிக்கை எழுதப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

எழுதுவதும் நெறியாளரும்

முறையியல் அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். களத்தில் இருக்கும்போதே எழுதலாம், எல்லாம் நினைவில் இருக்கும். அடுத்து கண்டறிந்தவை. முன்னாய்வுகள் பற்றிய அத்தியாயத்தை ஒவ்வொருவராக 'அவர் சொன்னார், இவர் சொன்னார்' என்று வரிசைகட்ட வேண்டாம். அவர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் முட்டிக்கொள்கிறார்கள், உங்கள் கேள்வி எந்த ஓட்டையில் உட்காருகிறது என்று எழுதுங்கள். முன்னுரை கடைசியில்.

நெறியாளரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு பக்கமாவது எழுதி முந்தைய நாளே அனுப்பிவிட்டு, மூன்று கேள்விகளோடு போங்கள். பேசியதை அன்று மாலையே நாலு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை அவர் "நான் அப்படிச் சொன்னேனா?" என்று கேட்பார், எல்லா நெறியாளரும் கேட்பார்கள். எழுதாத வாரங்களில் ஒளிந்துகொள்வது மாணவர் இயல்பு. அந்த வாரங்களில்தான் கட்டாயம் போக வேண்டும்.

வேலை என்று பார்த்தால் அரசுத் துறைகளின் மதிப்பீட்டுப் பிரிவுகள், தொண்டு நிறுவனங்கள், கருத்துக்கணிப்பு நிறுவனங்கள், மருத்துவ ஆய்வுக் குழுக்கள், செயலிகளை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் தொழில்நுட்ப நிறுவனங்கள் எல்லாம் இருக்கின்றன. நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பட்டியலைவிட, "நீங்களே செய்த ஒரு ஆய்வைச் சொல்லுங்கள்" என்பதுதான் அதிகம் வரும். நீங்கள் எழுதிய ஒரு கேள்வித்தாள், சுத்தம் செய்த ஒரு தரவுக் கோப்பு, ஒரு சுருக்க அறிக்கை ஆகிய மூன்றையும் பெயர்களை நீக்கித் தயாராக வைத்திருங்கள்.

அந்தச் சுருக்க அறிக்கைதான் உங்கள் இரண்டாவது ஆய்வேடு. இரண்டே பக்கம், முதல் பத்தியிலேயே விடை, முறையியல் கடைசியில் மூன்று வரி, கோட்பாடு ஒரு வரிகூட வேண்டாம். தேர்வாளருக்குப் பெரியதைக் கொடுத்த அதே வாரம் இதை அமைப்புக்கு அனுப்பிவிடுங்கள், பேசியவர்களுக்கும் ஒரு பிரதி. நான் அனுப்பிய இரண்டு பக்கத்துக்கு அந்த அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. ஒரே வரி. ஆளுக்கொரு சின்ன நோட்டுப் போட்டு, பாஸ்வேர்டை முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமா என்று கேட்டிருந்தார்.